பொட்டலத்தில் வந்த செடி: 19-ஆம் நூற்றாண்டில் தாவரவியல் தபாலில் நடந்த விதம்

1839-இல் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலர் பாரிஸில் ஒரு பழைய செடிக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 28 வயது. கட்டு முழுக்கக் காகிதத் தாள்கள். தாளுக்கு ஒரு காய்ந்த செடி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்கக் காடுகளில் அலைந்து சேகரித்தவை. பெயர் வைக்காமல் ஒதுக்கியிருந்த தாள்களில் ஒன்று கிரேயின் கண்ணில் பட்டது. வட்டமான, ஓரத்தில் பல் வெட்டிய இலைகள். ஒரு காய். பூ இல்லை. கூட இருந்த சீட்டில் 'கரோலினாவின் உயர்ந்த மலைகள்' என்று பிரெஞ்சில் ஒரு வரி.

தன் சொந்த நாட்டுச் செடி. ஆனால் கிரே அதைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த யாரும் பார்த்ததில்லை. அந்தச் செடி அடுத்த நாற்பது வருஷம் அவரை விடவில்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அமெரிக்கச் செடியைப் பார்க்க ஓர் அமெரிக்கர் எதற்குப் பாரிஸ் வரை கப்பலேறிப் போக வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், அந்தக் காலத்துத் தாவரவியலர்கள் ஏன் ஓயாமல் ஒருவருக்கொருவர் செடியும் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சருகுக்கும் ஹெர்பேரியத்துக்கும் நடுவில் ஒரு சீட்டு

ஹெர்பேரியம் என்றால் காயவைத்த செடிகளின் தொகுப்பு. கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு காட்சி மனசில் வரும். பிராக்டிகலுக்கு நாலு நாள் முன்னால் வேலியோரம் போய்த் தும்பையும் குப்பைமேனியும் பறித்து வந்து, செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே தடித்தடியான புத்தகங்களை அடுக்கியிருப்பார்கள். அப்படியும் காயாமல், கடைசி ராத்திரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் செய்ததும் அடிப்படையில் இதேதான், பொறுமை கொஞ்சம் கூடுதல்.

செடியை வெறுமனே பிடுங்கி வந்தால் போதாது. பூவும் இலையும் வேண்டும்; முடிந்தால் காயும் வேண்டும்; சின்னச் செடி என்றால் வேரோடு வேண்டும். ஓர் இலையாவது பின்பக்கம் தெரிய மடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் நரம்பும் ரோமமும் அங்கேதான் சரியாகத் தெரியும். இதை மை ஒற்றும் தாள் மாதிரி ஈரம் உறிஞ்சும் காகிதங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி, காகிதத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பூத்துவிடும். காய்ந்த பிறகு கெட்டித் தாளில் ஒட்டுவார்கள் அல்லது தைப்பார்கள். வண்டு அரிக்காமல் இருக்க நஞ்சு தடவுவதும் உண்டு. பலர் பயன்படுத்தியது ஒரு பாதரச உப்பு. நம் சித்த மருத்துவத்தில் 'வீரம்' என்று சொல்கிறார்களே, அதுதான். அந்தப் பழைய தாள்களை இன்றும் சில இடங்களில் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள்.

அப்புறம் சீட்டு. யார் பறித்தது, எந்த ஊரில், எந்தத் தேதியில், ஆற்றங்கரையா மலைச்சரிவா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பூவின் நிறத்தையும் எழுதிவைப்பது நல்லது. காய்ந்தால் நிறம் போய்விடும். செடி எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும் சீட்டு இல்லையென்றால் அது வெறும் சருகு. சீட்டில் தப்பாக எழுதியிருந்தால் இன்னும் மோசம்.

சரி, இதை ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும்? ஒரு செடிக்குப் பெயர் வைப்பது என்பது உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. 'இலை முட்டை வடிவம், பூ வெள்ளை, இதழ் ஐந்து' என்று லத்தீனில் இரண்டு வரி எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரி பத்துச் செடிகளுக்குப் பொருந்தும். என் ஊர்ச் செடியும் உங்கள் ஊர்ச் செடியும் ஒன்றுதானா என்று கேட்டால், இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உயிரோடு செடியைக் கொண்டுபோவது பெரும்பாடு. காய்ந்த தாள் என்றால் நூறு வருஷம் கழித்தும் பார்க்கலாம். காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், ஊசியால் பிரித்து மகரந்தத்தாளை எண்ணலாம்.

அமெரிக்கச் செடிகள் பலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தவர்கள். பெயர் எந்தத் தாளைப் பார்த்து வைக்கப்பட்டதோ அந்தத் தாள் பாரிஸிலோ லண்டனிலோ இருந்தது. அப்படிப்பட்ட தாளை இன்று வகைமாதிரி என்கிறோம். அதைப் பார்க்காமல் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு 'இது புதுச் செடி' என்று எழுதினால் அது வெறும் துணிச்சல். கிரே 1838-இல் ஐரோப்பா போனது மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக 5,000 டாலருக்குப் புத்தகம் வாங்க. புத்தகமும் வாங்கினார். ஆனால் மனசெல்லாம் ஹெர்பேரிய அலமாரிகளில்தான் இருந்தது.

ஒரே ஈட்டு இட்லி

ஒவ்வொரு முறையும் கப்பலேறிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் இந்தக் கட்டுரையின் மையம். பெயர் ரொம்பச் சாதாரணம்: டூப்ளிகேட்.

இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவு, ஒரே ஈடு. அதில் எந்த இட்லியைப் பிட்டுப் பார்த்தாலும் உப்பு ஒன்றுதான். அதேபோல ஒருவர் ஒரு நாள் ஓர் இடத்தில் ஒரே செடியிலோ, பக்கத்தில் நிற்கும் அதே வகைச் செடிகளிலோ பத்துக் கிளைகளை ஒடிக்கிறார். பத்துக்கும் ஒரே எண் போடுகிறார், 412 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றை லண்டன், ஜெனீவா, பெர்லின் என்று அனுப்பிவிடுகிறார். இந்தப் பத்தும் நகல்கள் அல்ல. பத்தும் அசல்.

எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. லண்டனில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, 'உங்கள் 412 நீங்கள் நினைக்கிற செடி இல்லை. சூல்பையில் மூன்று அறை இருக்கிறது பாருங்கள்' என்று எழுதுகிறார். கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்து சேர்கிறது. வாங்கியவர் எழுந்து அலமாரியைத் திறந்து தன்னிடம் உள்ள 412-ஐ எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். ஆமாம், மூன்றுதான். அல்லது, இல்லை, நீங்கள் எண்ணியது தப்பு. ஒரு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் ஒரே செடியைக் கையில் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். தொலைபேசி இல்லாத, போட்டோ சாதாரணமாகாத காலத்தில் இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் வாலிச். 1828-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் செடிக்கட்டுகளோடு லண்டன் போனார். எல்லாவற்றையும் வகை பிரித்து, எண் போட்டு, பட்டியலைக் கல்லச்சில் அச்சடித்து, டூப்ளிகேட்களை ஐரோப்பாவெங்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். எண்கள் 9,000-ஐத் தாண்டின. இந்தியச் செடிகளைப் பற்றி எழுதுபவர்கள் வாலிச் பட்டியலின் எண்ணை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

டூப்ளிகேட்டின் இன்னொரு பயன் வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. 1943 மார்ச் மாதம் ஒரு ராத்திரி பெர்லின் ஹெர்பேரியத்தின் மேல் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்துபோனது. அங்கிருந்த எத்தனையோ வகைமாதிரிகள் சாம்பலாயின. 19-ஆம் நூற்றாண்டில் யாரோ பொட்டலம் கட்டி வேறு ஊர்களுக்கு அனுப்பிவைத்திருந்த அதே எண் தாள்கள்தான் அவற்றின் இடத்தை நிரப்பின.

கொடுத்து வாங்குவது

தாவரவியலர்களில் பலர் பணக்காரர்கள் இல்லை. டாக்டர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் என்று வேறு பிழைப்பு இருந்தது. அவர்களுக்கு டூப்ளிகேட்தான் காசு. எங்கள் ஊரில் நிறைய முளைப்பது உங்களுக்கு அபூர்வம். உங்கள் ஊர்க் களை எனக்குப் பொக்கிஷம். நூறு கொடுத்தால் நூறு வரும். கெண்டக்கியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஷார்ட் இந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற ஆள். அவர் உலர்த்தி அனுப்பும் செடிகள் அவ்வளவு சுத்தமாக இருக்கும், ஆயிரக்கணக்கில் அனுப்பினார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள் பணம் கட்டினார்கள். ஜெர்மனியின் எஸ்லிங்கன் ஊரில் 1820-களில் ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். அந்தப் பணத்தில் ஒருவரைத் தூர தேசத்துக்கு அனுப்புவார்கள். அவர் அனுப்பும் செடிகளைச் சந்தாவுக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வார்கள். நம் ஏலச்சீட்டு மாதிரி, ஆனால் கிடைப்பது எத்தியோப்பியச் செடி. அமெரிக்காவில் கிரேயும், செயின்ட் லூயிஸில் டாக்டராக இருந்த ஜார்ஜ் எங்கெல்மானும் சேர்ந்து 1840-களில் டெக்சஸில் ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமர் பறித்த செடிகளை இதே போல நூறு நூறாகக் கட்டி விற்றார்கள். லிண்ட்ஹைமரின் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் அதிலிருந்துதான் காசு போனது.

இங்கிலாந்தில் 1836-இல் தொடங்கிய லண்டன் தாவரவியல் சங்கம் இதை ஒரு அலுவலக வேலை மாதிரியே ஆக்கிவிட்டது. ஹியூவெட் வாட்சன் என்பவர் அதில் முக்கியமானவர், கறாரான மனுஷன். பிரிட்டனில் வளரும் எல்லாச் செடிகளுக்கும் வரிசையாக எண் போட்ட ஒரு பட்டியல் 1844-இல் அச்சானது. உறுப்பினர் அதில் தனக்கு வேண்டிய செடிகளுக்குக் குறி போட்டு அனுப்புவார். தன்னிடம் மிச்சம் இருக்கும் செடிகளைக் கட்டாக அனுப்புவார். மையத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாக் கட்டையும் பிரித்து, யாருக்கு எது என்று பங்கிட்டுத் திருப்பி அனுப்புவார். மளிகைக் கடைக்குச் சாமான் சீட்டு கொடுப்பதுபோலத்தான். அந்தச் சங்கம் 1850-களில் கலைந்துபோனது. யார்க்‌ஷயரின் திர்ஸ்க் என்ற சின்ன ஊரில் ஜான் கில்பர்ட் பேக்கர் என்ற கடைக்காரர் இந்த வேலையைக் கையில் எடுத்தார். 1864-இல் அவர் வீடும் கடையும் தீப்பிடித்து, செடிகளும் புத்தகங்களும் போயின. இரண்டு வருஷம் கழித்து க்யூ என்ற தாவரவியல் தோட்டத்தில் வேலை கிடைத்து லண்டன் போனார். கடைசியில் அங்கே ஹெர்பேரியத்துக்கே பொறுப்பாளர் ஆனார்.

நெருப்பு எல்லோருக்கும் பயம்தான். கிரே 1842-இல் ஹார்வர்டில் பேராசிரியரானார். அடுத்த இருபத்திச் சொச்சம் வருஷத்தில் அவரிடம் ஏறக்குறைய 2,00,000 தாள்கள் சேர்ந்துவிட்டன. பெரும்பகுதி அவர் குனிந்து பறித்ததல்ல, பொட்டலத்தில் வந்தது. அதையெல்லாம் அவர் வீட்டில் வைத்திருந்தார். அதற்கென்று தீப்பிடிக்காத கட்டடம் ஒன்று எழும்பிய பிறகே மொத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

தபால்காரருக்கு யார் காசு கொடுப்பது?

தபால் என்று சொன்னாலும் எல்லாமே தபால்பெட்டி வழியாகப் போகவில்லை. 1840-க்கு முன் பிரிட்டனில் தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். உள்ளே எதையாவது மடித்து வைத்தால் அதுவும் இன்னொரு தாளாகக் கணக்காகும். பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியது வாங்குகிறவர். நீங்கள் ஆசையாக ஒரு விதைப் பொட்டலத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்பினால், பாவம், அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் செலவு. 1840-இல் அரை அவுன்ஸ் வரை நாட்டில் எங்கே போனாலும் ஒரு பென்னி, அனுப்புகிறவரே ஸ்டாம்பு ஒட்டிவிடலாம் என்று ஆனது. விதையும் ஒற்றை இலையும் கடிதங்களுக்குள் தாராளமாகப் பறக்க ஆரம்பித்தன.

கனமான செடிக்கட்டுகள் வேறு வழியில் போயின. தெரிந்த கப்பல் கேப்டன், ஊருக்குத் திரும்பும் அதிகாரி, புத்தகக் கடைக்காரரின் பெட்டியில் மிச்சமிருந்த இடம் இதெல்லாம்தான் பார்சல் சர்வீஸ். பிரிட்டனில் அரசாங்கப் பார்சல் தபால் வந்ததே 1883-இல்.

செடி இல்லாமல் சேதி மட்டும்

இதுவரை சொன்னது செடி போன கதை. பார்த்ததை எழுதி அனுப்புவது இன்னொரு பக்கம். இதில் ராஜா என்றால் சார்லஸ் டார்வின்தான். உடம்பு சுகமில்லாமல் டவுன் என்ற கிராமத்து வீட்டை விட்டு அதிகம் நகராத மனுஷன், உலகம் முழுக்கக் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கடிதப் போக்குவரத்தில் ஏறக்குறைய 15,000 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

1855 ஏப்ரலில் அவர் கிரேக்கு எழுதிய கடிதம் சுவாரசியமானது. நான் தாவரவியலன் இல்லை, என் கேள்வி உங்களுக்கு அசட்டுத்தனமாகப் படலாம் என்று தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறார். கிரே எழுதிய நூலிலிருந்து உயர்மலைச் செடிகளின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, இவை வேறு எங்கெங்கே வளர்கின்றன என்று பக்கத்தில் குறித்துத் தர முடியுமா என்று கேட்கிறார். பதில் எழுதுகிறவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பது! இன்று யாரிடமாவது தகவல் கேட்டு மெயில் அனுப்புகிறவர்கள் இந்த ஒரு கடிதத்தைப் படித்தால் போதும்.

அதற்கப்புறம் இருவருக்கும் நெருக்கம் வளர்ந்தது. 1857 செப்டம்பரில், இயற்கைத் தேர்வு என்ற தன் கருத்தை டார்வின் சுருக்கமாக எழுதி கிரேக்கு அனுப்பினார். வெளியே சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷமே ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அதே கருத்தை எழுதி அனுப்பியதும் யார் முதலில் என்ற சிக்கல் வந்தது. 1858 ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் அமைப்பில் வாலஸின் கட்டுரையோடு டார்வினின் எழுத்துகளையும் படித்தபோது, கிரேக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியும் அதில் இருந்தது. செடிகளைப் பற்றி ஆரம்பித்த கடிதத் தொடர்பு சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது கொடியின் கதை. வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளின் பற்றுக்கம்பி தொட்டால் சுருண்டுகொள்வதைப் பற்றி கிரே 1858-இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டார்வினுக்கு விதையும் அனுப்பினார். 1863 கோடையில் அந்த விதையில் முளைத்த கொடி டார்வினின் படிப்பறையில் தொட்டியில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவர், பற்றுக்கம்பி மட்டுமல்ல, கொடியின் நுனியே மெதுவாக வட்டமடிப்பதைக் கண்டார். ஒரு சுற்றுக்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். உடனே க்யூவில் இருந்த ஜோசப் ஹுக்கருக்குக் கடிதம்: இது தெரிந்த விஷயம்தானா? 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றிய நீண்ட ஆய்வு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிட்டிகை விதைதான் தொடக்கம்.

கிரேயின் உறையில் விதை மட்டும் வரவில்லை. 1862-இல் டார்வினின் மகன் லியோனார்ட் கடுமையான காய்ச்சலில் படுத்திருந்தான். 12 வயது, ஸ்டாம்பு சேர்க்கும் பைத்தியம். கிரே அமெரிக்க ஸ்டாம்புகளை அனுப்பிவைத்தார். அதைப் பார்க்கப் பையன் முழங்கையை ஊன்றி எழுந்தான் என்று டார்வின் நன்றியோடு பதில் எழுதினார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இருவருக்கும் கடிதத்திலேயே மனஸ்தாபமும் வந்தது. செடி, ஸ்டாம்பு, சண்டை எல்லாம் ஒரே உறையில் போயின.

நாகப்பட்டினத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு

இந்த வலையில் நம் பக்கத்து முடிச்சுகளும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்த பாதிரியார் ராட்லர் இங்கே பறித்த செடிகளை ஐரோப்பியத் தாவரவியலர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான்.

ஆனால் விரிவாகச் சொல்ல வேண்டியவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் சர்ஜன், 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826-இல் அரசாங்க இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. 1828-இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள்; சேகரித்தவை லண்டனுக்குப் போயின. வைட்டை நாகப்பட்டினத்துக்குப் பட்டாள டாக்டராக அனுப்பினார்கள். சோர்ந்துபோய் விட்டிருக்கலாம். அவரோ அங்கே உட்கார்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ஹுக்கருக்குச் செடியும் படமும் அனுப்ப ஆரம்பித்தார். க்யூவில் இருந்தார் என்று மேலே சொன்னேனே ஜோசப் ஹுக்கர், அவருடைய அப்பா. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்ச் சேர மாதக்கணக்காகும். கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் ஏன் அனுப்பினார்? சில செடிகளைக் காயவைத்தால் ஒன்றும் மிஞ்சாது. இஞ்சிக் குடும்பத்துப் பூவை அழுத்தினால் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் பூ வாடுவதற்குள் வரைந்துவிட வேண்டும். வைட்டுக்கு ரங்கையா, பிறகு கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். ரங்கையாவின் படங்களை ஹுக்கர் தன் இதழில் வெளியிட்டார். பின்னால் வைட் சென்னையில் கல்லச்சில் அச்சிட்டு 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஒரு நூல்வரிசையில் மட்டும் 2,101 படங்கள்.

1831-இல் வைட் விடுப்பில் ஊர் திரும்பியபோது கூடப் போனவை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். எடை இரண்டு டன். ஸ்காட்லாந்தில் அவருடைய நண்பர் ஆர்னாட் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து தென்னிந்தியச் செடிகளைப் பற்றிய நூலை 1834-இல் கொண்டுவந்தார்கள். ஆர்னாட் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. டூப்ளிகேட்கள் எண் போட்டுப் பல நாடுகளுக்குப் போயின. கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் வைட்டின் தாள்கள் உண்டு.

இங்கே ஒரு மனக்குறை. 'வைட்' என்று சீட்டில் இருக்கும் செடிகள் எல்லாவற்றையும் வைட்டே மலையேறிப் பறித்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சம்பளத்துக்கு ஆள் வைத்து அனுப்பினார். ஓவியர்கள் இருவர் பெயராவது தெரிகிறது, அதுவும் வைட் மறக்காமல் எழுதியதால். பறித்தவர்கள் பெரும்பாலும் சீட்டில் இல்லை. யார், எங்கே, எப்போது என்று அவ்வளவு கறாராகக் கேட்ட ஒரு முறை, அந்த 'யார்' என்ற இடத்தில் முதலாளியின் பெயரை எழுதிக்கொண்டது.

பெயர் வைக்கும் உரிமையிலும் இதே மேடு பள்ளம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஃபெர்டினாண்ட் ஃபான் மியுல்லர் நாடு முழுக்கக் கடிதம் எழுதி, பண்ணை வீட்டுப் பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைச் செடி அனுப்ப வைத்தார். ஆனால் ஆஸ்திரேலியச் செடிகளின் பெருநூலை எழுதும் வேலை க்யூவில் இருந்த ஜார்ஜ் பென்தமுக்குப் போனது. அவரும் அந்த நாட்டில் கால் வைக்காதவர்தான். வகைமாதிரிகள் ஐரோப்பாவில் இருக்கின்றன என்பது காரணம். மியுல்லர் மனசு வெந்தாலும் தன் தாள்களைக் குடும்பம் குடும்பமாகப் பெட்டியில் அடைத்து இங்கிலாந்துக்கு அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1863 முதல் 1878 வரை ஏழு தொகுதிகள் முடியும்வரை இது நடந்தது.

ஷார்ட்டியா

சரி, பாரிஸில் விட்டுவந்த செடி. கிரே ஊர் திரும்பி, தன் ஆசான் ஜான் டாரியோடு சேர்ந்து 1842-இல் அதற்கு ஷார்ட்டியா என்று பெயர் வைத்தார். கெண்டக்கி டாக்டர் ஷார்ட்டின் நினைவாக. பொட்டலம் கட்டுவதில் பேர் போனவரின் பெயரில், யாரும் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாத ஒரு செடி.

கிரே கரோலினா மலைகளில் தானே போய்த் தேடினார். கிடைக்கவில்லை. மற்றவர்களும் தேடினார்கள். அப்படி ஒரு செடியே இல்லை, கிரேயின் கற்பனை என்று கேலி பேசியவர்களும் உண்டு. டாக்டர் ஷார்ட் 1863-இல் இறந்துபோனார், தன் பெயர்கொண்ட செடியைப் பார்க்காமலே.

இடையில் வேறு பக்கத்திலிருந்து ஒரு தடயம் வந்தது. சார்லஸ் ரைட் என்ற சேகரிப்பாளர் 1850-களில் ஓர் அமெரிக்கக் கடற்படைப் பயணத்தோடு போய் ஜப்பானில் பறித்த செடிகள் கிரேயின் மேசைக்கு வந்தன. ஜப்பானிலும் கிழக்கு அமெரிக்காவிலும் மட்டும் வளரும், நடுவில் எங்கும் இல்லாத செடிகள் பல இருப்பதை கிரே கண்டு 1859-இல் எழுதினார். இரண்டு கரைத் தாள்களும் ஒரே மேசைக்கு வந்திராவிட்டால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. பின்னால் ரஷ்யத் தாவரவியலர் மாக்ஸிமோவிச் விவரித்த ஜப்பானியச் செடி ஒன்று ஷார்ட்டியாவின் நெருங்கிய சொந்தம் என்றும் தெரிந்தது. கிரேயின் நம்பிக்கை இன்னும் கெட்டியானது.

1877 மே மாதம். வடக்குக் கரோலினாவில் ஜார்ஜ் ஹையம்ஸ் என்ற பையன் கட்டாபா ஆற்றங்கரையில் ஒரு செடியைப் பறித்துவந்தான். அப்பா மூலிகை வியாபாரத்தில் இருந்தவர். செடிகளில் பழக்கம் உண்டு. ஆனால் இது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலம் கழித்து, ரோட் ஐலண்டில் தனக்குத் தெரிந்த ஒரு செடி ஆர்வலருக்குத் தபாலில் அனுப்பினார். அவருக்குச் சந்தேகம் தட்டி, கிரேக்கு எழுதினார். 1878 அக்டோபரில் அது கிரேயின் கைக்கு வந்தது.

ஷார்ட்டியா வளர்வது உயர்ந்த மலையில் அல்ல, அடிவாரத்து ஆற்றோரங்களில். மிஷோவின் சீட்டு எல்லோரையும் மேலே மேலே ஏற்றிவிட்டிருந்தது. தன்னை நம்பாமல் இருந்த நண்பர் வில்லியம் கேன்பிக்கு கிரே உடனே எழுதினார்: இங்கே வந்தால் ஒன்று காட்டுகிறேன், உங்கள் அவநம்பிக்கை தீர்ந்துவிடும். என் முன்னால் ஷார்ட்டியா இருக்கிறது, பூவோடு.